பாக் பிறந்தது மார்ச் 21ஆ, 31ஆ? இசைமேதைகளின் நினைவு நாட்களைக் கணக்கிடும் முறை

கேள்வி: ஒரு இசைப்பள்ளிக்காக மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களின் பிறந்தநாள், நினைவு நாள், முக்கிய அரங்கேற்றங்கள் அடங்கிய நாட்காட்டி தயாரிக்கிறேன். பாக்குக்கு ஓரிடத்தில் மார்ச் 21 என்றும் வேறோரிடத்தில் மார்ச் 31 என்றும் இருக்கிறது. ரஹ்மானினோவுக்கு மார்ச் 20, ஏப்ரல் 1, ஏப்ரல் 2 என்று மூன்று தேதிகள். பீத்தோவனுக்கு டிசம்பர் 16, 17 இரண்டும். எதைப் போடுவது?

பதில்: உடனே விடை வேண்டுமென்றால் பாக்குக்கு மார்ச் 21, ரஹ்மானினோவுக்கு ஏப்ரல் 1, பீத்தோவனுக்கு "டிசம்பர் 17, ஞானஸ்நானம்" என்று போடுங்கள். ஆனால் இந்த மூன்று குழப்பங்களும் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. காரணம் தெரியாமல் ஒன்றுக்குச் செய்த திருத்தத்தை எல்லாவற்றுக்கும் செய்தால், இப்போது சரியாக இருக்கும் தேதிகளும் கெட்டுப்போகும். இணையத்தில் உலவும் பல பட்டியல்களில் நடந்திருப்பது அதுதான்.

திதியும் தேதியும் வேறு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில். அதனால் 2024இல் அது ஜனவரி 30 அன்று வந்தது, 2025இல் ஜனவரி 18 அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் நினைவு நாளைத் தீபாவளியோடு சேர்த்தே சொல்கிறோம். எந்தக் கணக்கில் வந்த நாள் என்று கேட்காமல் நாம் நாள் குறிப்பதில்லை. ஐரோப்பியத் தேதிகளிடமும் அதே கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நாட்காட்டி. 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 வெள்ளி என்று ஆக்கியது போப் கிரிகோரியின் திருத்தம். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகியவை உடனே ஏற்றுக்கொண்டன. போப் சொன்னதாலேயே புராட்டஸ்டண்ட் நாடுகள் ஏற்கவில்லை. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பகுதிகள் 1700இல் மாறின (பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1). இங்கிலாந்து 1752இல் மாறியது (செப்டம்பர் 2க்கு அடுத்து 14). சுவீடனும் அதன் ஆட்சியில் இருந்த பின்லாந்தும் 1753இல் மாறின. ரஷ்யா 1918 வரை ஜூலியன் எனப்படும், திருத்தத்துக்கு முந்தைய பழைய கணக்கிலேயே இருந்து, ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது.

இதன் விளைவைப் பார்க்க 1685ஆம் ஆண்டே போதும். அந்த ஆண்டில் பிறந்த மூவர் ஹாண்டல், பாக், டொமினிகோ ஸ்கார்லாட்டி. ஹாண்டல் ஹாலே நகரில் பிப்ரவரி 23, பாக் ஐசனாக்கில் மார்ச் 21, ஸ்கார்லாட்டி நேப்பிள்ஸில் அக்டோபர் 26. ஹாலேயும் ஐசனாக்கும் புராட்டஸ்டண்ட் ஊர்கள், அதனால் முதல் இரண்டும் ஜூலியன் தேதிகள். நேப்பிள்ஸ் கத்தோலிக்க நகரம், அந்தத் தேதி கிரிகோரியன். ஹாண்டலுக்கும் பாக்குக்கும் இடைவெளி 26 நாள் என்பதில் சிக்கல் இல்லை. இருவரும் ஒரே கணக்கில் இருக்கிறார்கள். பாக்குக்கும் ஸ்கார்லாட்டிக்கும் இடைவெளி 219 நாள் என்று அச்சுத் தேதியிலிருந்து கழித்தால் வரும். உண்மையில் 209தான். அன்றைய 10 நாள் வித்தியாசம் நடுவில் ஒளிந்திருக்கிறது.

பாக்கின் மார்ச் 31 இப்படிக் கூட்டி வந்ததுதான். வானியல் கணக்கில் அது தவறில்லை. ஆனால் மேற்கு ஐரோப்பிய இசை வரலாற்றில் மரபு வேறு: அந்த ஊர் மக்கள் அன்று என்ன தேதி என்று எழுதினார்களோ அதையே வைத்துக்கொள்வது. ஐரோப்பாவில் பழங்கால இசை நாள் என்று கொண்டாடப்படுவதும் மார்ச் 21தான். அதனால் நாட்காட்டியில் 21 போட்டு, அடியில் "ஜூலியன் கணக்கு, இன்றைய கணக்கில் மார்ச் 31" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாக் மறைந்த 1750 ஜூலை 28 கிரிகோரியன் தேதி, அதைத் தொட வேண்டாம். ஒரே மனிதரின் பிறப்பு ஒரு கணக்கிலும் இறப்பு வேறு கணக்கிலும் இருப்பது இங்கே சகஜம்.

ஹாண்டலுக்கு இன்னொரு வம்பு உண்டு. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25 அன்று. அந்தக் கணக்கில் பிப்ரவரி 23 என்பது இன்னும் முந்தைய ஆண்டுதான். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் அவருடைய நினைவுச் சின்னத்தில் பிறந்த ஆண்டு 1684 என்றே செதுக்கியிருக்கிறார்கள். விளைவு, பிறந்த நூற்றாண்டு விழாவை லண்டன் 1784இலேயே மே, ஜூன் மாதங்களில் அபேயில் 500க்கும் மேற்பட்ட கலைஞர்களோடு கோலாகலமாக நடத்தி முடித்துவிட்டது. இசை வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற நூற்றாண்டு விழா ஓராண்டு முன்கூட்டியே நடந்தது! (இறந்து 25 ஆண்டு என்ற கணக்கு மட்டும் சரியாக இருந்தது: அவர் மறைந்தது 1759 ஏப்ரல் 14.) ஆகவே 1752க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதி ஜனவரி 1 முதல் மார்ச் 24க்குள் விழுந்தால், நாளை விட்டுவிடுங்கள், ஆண்டை மட்டும் சரிபாருங்கள். பழைய ஆவணங்களில் 1684/5 என்று இரட்டையாக எழுதியிருந்தால் பின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரஷ்யாவுக்கு மரபு நேர் எதிர். அங்கே தேதியை மாற்றித்தான் போடுகிறார்கள். கூட்ட வேண்டிய நாட்கள் நூற்றாண்டைப் பொறுத்தவை: 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி முடிய 10, அதிலிருந்து 1800 பிப்ரவரி முடிய 11, பிறகு 1900 பிப்ரவரி முடிய 12, அதற்குப் பின் 13. சைக்கோவ்ஸ்கி பிறந்தது பழைய கணக்கில் 1840 ஏப்ரல் 25. 12 கூட்டினால் 37, ஏப்ரலுக்கு 30 நாள் கழித்தால் மே 7. முசோர்க்ஸ்கி 1839 மார்ச் 9, கூட்டினால் மார்ச் 21. ஷொஸ்டகோவிச் 1906 செப்டம்பர் 12, இது 20ஆம் நூற்றாண்டு என்பதால் 13 கூட்டி செப்டம்பர் 25.

இங்கேதான் ரஹ்மானினோவ் வழுக்குகிறார். 1873 மார்ச் 20 என்பதற்கு 12 கூட்டினால் ஏப்ரல் 1. அவர் மேற்கில் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் 13 ஆகிவிட்டிருந்தது, அதனால் தம் பிறந்தநாளை ஏப்ரல் 2 என்றே வைத்துக்கொண்டார். ஸ்ட்ராவின்ஸ்கியும் அப்படியே: 1882 ஜூன் 5 என்பது ஜூன் 17, ஆனால் அவர் கொண்டாடியது ஜூன் 18. இதை வெறும் கணக்குப் பிழை என்று தள்ளிவிட முடியாது. 1910இல் ரஷ்யாவில் ஒருவர் மார்ச் 20 அன்று பிறந்தநாள் கொண்டாடினால், அன்று பாரிஸில் ஏப்ரல் 2. ஆண்டுதோறும் திரும்பி வரும் "மார்ச் 20"ஐப் பின்தொடர்ந்தால் கிடைப்பது ஏப்ரல் 2, பிறந்த அந்த ஒரு நாளை மாற்றினால் கிடைப்பது ஏப்ரல் 1. முன்னதைப் பின்பற்றினால், வித்தியாசம் 14 ஆகிவிடும் 2100 மார்ச்சுக்குப் பிறகு ஸ்ட்ராவின்ஸ்கியின் பிறந்தநாள் ஜூன் 19க்கு நகர்ந்துவிடும். அதனால்தான் பிறந்த நூற்றாண்டின் வித்தியாசத்தையே கூட்ட வேண்டும் என்பது விதி.

மாதம் மாறுவதைக் கவனிப்பவர்கள் ஆண்டு மாறுவதைத் தவறவிடுவார்கள். ஸ்க்ரியாபின் பிறந்தது பழைய கணக்கில் 1871 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று. புதிய கணக்கில் 1872 ஜனவரி 6. அவருடைய 150ஆவது பிறந்தநாள் 2022இல்தான் வந்தது, 2021இல் அல்ல.

"ரஷ்யப் பேரரசு, ஆகவே 12 கூட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் கூடாது. சிபேலியஸ் பிறந்த 1865 டிசம்பர் 8 அன்று பின்லாந்து ரஷ்ய ஜாரின் ஆளுகையில்தான் இருந்தது. ஆனால் சுவீடன் காலத்துக் கிரிகோரியன் நாட்காட்டியை அது விடவில்லை, தேதி அப்படியே நிற்கும். ஷோப்பானுக்கும் இதே எச்சரிக்கை. அவருக்கு 1810 பிப்ரவரி 22, மார்ச் 1 என்று இரண்டு தேதிகள் இருப்பதைப் பார்த்துப் பலர் நாட்காட்டி வித்தியாசம் என்று நினைக்கிறார்கள். கழித்துப் பாருங்கள்: 7 நாள். எந்த நூற்றாண்டிலும் அப்படி ஒரு வித்தியாசம் கிடையாது. ஏப்ரல் 23 அன்று எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவேட்டில் பிப்ரவரி 22 என்றிருக்கிறது, குடும்பமும் ஷோப்பானும் சொன்னது மார்ச் 1. இதில் கூட்டல் கழித்தல் உதவாது. மார்ச் 1ஐப் போட்டு மற்றதையும் குறிப்பிடலாம். 2010இல் 200ஆவது ஆண்டை வார்சா இரு தேதிகளுக்கும் இடைப்பட்ட வாரம் முழுவதும் கொண்டாடியது. அதைவிடச் சாமர்த்தியமான தீர்வு இருக்க முடியாது. இதே வகைதான் புரோகோஃபியெவ். தன்வரலாற்றில் 1891 ஏப்ரல் 23 என்றார், பிறப்புப் பதிவு ஏப்ரல் 27 என்கிறது (இரண்டும் புதிய கணக்கில்). அவருக்கும் இரண்டையும் எழுதுங்கள்.

தேதி எந்தக் கணக்கு என்று தெரியாமல் திண்டாடும்போது கிழமை கைகொடுக்கும். நாட்காட்டி மாறியபோது தேதிதான் தாவியது, கிழமை வரிசை அறுபடவில்லை. ஜூலியன் 1685 மார்ச் 21 சனிக்கிழமை, கிரிகோரியன் மார்ச் 31ம் அதே சனிக்கிழமை. கிரிகோரியன் மார்ச் 21 என்றால் அது புதன். பழைய ஆவணத்தில் கிழமையும் எழுதப்பட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும்.

பீத்தோவன் விஷயத்தில் நாட்காட்டிக்கு வேலையே இல்லை. பான் நகரின் புனித ரெமிகியுஸ் ஆலயப் பதிவேட்டில் 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் என்றிருக்கிறது. பிறந்த தேதியைச் சொல்லும் ஆவணம் இல்லை. குழந்தையை மறுநாளே கோவிலுக்குக் கொண்டுபோகும் அக்கால வழக்கத்தை வைத்து 16 என்று ஊகிக்கிறார்கள். பீத்தோவனுக்கே தம் வயதில் குழப்பம் இருந்தது. 1810இல் நண்பர் வெகலரிடம் சான்றிதழ் கேட்டு எழுதியபோது, தமக்கு முன் பிறந்து சில நாளில் இறந்துபோன லுட்விக் மரியா என்ற அண்ணனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார். ஒரு வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகளுக்கு ஒரே பெயர் வைக்கும் வழக்கம் இருந்தால் பதிவேட்டைப் பார்ப்பவர் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஹைடனுக்கும் இதே நிலைதான். 1732 ஏப்ரல் 1 ஞானஸ்நானம், பிறந்ததாகச் சொல்லப்படுவது மார்ச் 31. முட்டாள்கள் தினத்தில் பிறந்தவர் என்ற பேச்சு வரக்கூடாதென்று தம்பி மிகாயேல் 31ஐப் பிடித்துக்கொண்டதாக ஹைடனே வேடிக்கையாகச் சொன்னதுண்டு. ஆனால் "ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள்" என்பதைப் பொது விதியாக்காதீர்கள். விவால்டி 1678 மார்ச் 4 அன்று பிறந்தபோது உயிராபத்து இருந்ததாகக் கருதி மருத்துவச்சியே வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்தார், ஆலயச் சடங்கு நடந்தது மே 6இல். ஷோப்பானுக்கும் இரண்டு மாத இடைவெளி என்று பார்த்தோம். மான்டெவெர்டிக்கு 1567 மே 15 என்ற ஞானஸ்நானத் தேதிதான் இருக்கிறது. அதைப் பிறந்தநாள் என்று எழுதாமல் ஞானஸ்நானம் என்றே எழுதுங்கள். 1582க்கு முந்தையது என்பதால் மாற்றவும் வேண்டாம்.

ரோசினி 1792 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர். 1800 லீப் ஆண்டு இல்லை என்பதால் 1796க்குப் பிறகு 1804 வரை அவருக்குப் பிறந்தநாளே வரவில்லை. 76 வயதில் 1868இல் இறக்கும்வரை உண்மையாக வந்தவை 18. உங்கள் நாட்காட்டியில் சாதாரண ஆண்டுகளில் பிப்ரவரி 28ஆ, மார்ச் 1ஆ என்று ஒன்றை முடிவு செய்து அதையே தொடருங்கள்.

அரங்கேற்றங்களில் கேட்க வேண்டியது வேறு: எந்த நிகழ்வைத் தொடக்கமாக எடுப்பது? பீத்தோவனின் மூன்றாம் சிம்ஃபனி 1804இல் லோப்கோவிட்ஸ் இளவரசரின் மாளிகையில் ஒலித்துவிட்டது, பொதுமக்கள் கேட்டது 1805 ஏப்ரல் 7 அன்று. ஹாண்டலின் மெசையா முதலில் டப்ளினில் 1742 ஏப்ரல் 13, லண்டனில் 1743 மார்ச் 23. கூட்டம் கொள்ள வேண்டுமே என்று, பெண்கள் வளையம் வைத்த பாவாடையும் ஆண்கள் வாளும் இல்லாமல் வரும்படி டப்ளினில் விளம்பரம் கொடுத்தார்கள். பொது அரங்கேற்றத்தை முதன்மையாக வைத்து, தனி அரங்கேற்றத்தை உபகுறிப்பாக்குங்கள். மே 7இல் இடம் போதாமல் போகும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: 1824இல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி அரங்கேற்றம், 1833இல் பிராம்ஸ் பிறப்பு, 1840இல் சைக்கோவ்ஸ்கி பிறப்பு என மூன்றும் அந்த நாளில்தான்.

பழைய நூல்களில் இருக்கும் ஆண்டு பின்னாளில் திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பாக்கின் மத்தேயு பாஸியனை (மத்தேயு நற்செய்தியில் வரும் இயேசுவின் பாடுகளைப் பாடும் இசைப்படைப்பு) மென்டல்சன் 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் மீட்டெடுத்தபோது அது முதலில் ஒலித்தது 1729இல் என்றே நம்பினார்கள், 100 ஆண்டு என்ற கணக்கு அழகாகப் பொருந்தியது. பத்து நாள் கழித்து, பாக்கின் பிறந்தநாளிலேயே, மறுபடியும் நடத்தினார்கள். 1970களில் வந்த ஆய்வுக்குப் பிறகு முதல் அரங்கேற்றம் 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளி என்று ஏற்கப்பட்டுவிட்டது. 1729 என்று இன்றும் அச்சாகும் நிகழ்ச்சிக் குறிப்புகள் பழைய நூல்களைப் பார்த்து எழுதப்பட்டவை.

இந்தப் படைப்புதான் உங்கள் நாட்காட்டியில் மிகவும் சுவாரசியமான பதிவாக இருக்கப்போகிறது. 2027இல் அதற்கு 300 ஆண்டு. தேதிப்படி பார்த்தால் ஏப்ரல் 11. ஆனால் அது பெரிய வெள்ளி வழிபாட்டுக்காக எழுதப்பட்ட இசை. பெரிய வெள்ளி நிலாவைப் பார்த்து நகரும் நாள், நம் பஞ்சமி மாதிரி. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, ஆகவே பெரிய வெள்ளி மார்ச் 26. பீத்தோவன் வியன்னாவில் மறைந்தது 1827 மார்ச் 26. அவருடைய 200ஆவது நினைவு நாளும் பாக்கின் பாஸியனுக்கு உரிய நாளும் ஒரே நாளில் விழுகின்றன. கச்சேரிக்குத் திட்டமிடுபவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும். என் கருத்தில் பீத்தோவனுக்கு மார்ச் 26ஐ விட்டுக்கொடுத்து, பாஸியனை ஏப்ரல் 11இல் வைக்கலாம். அன்று ஞாயிறு, அரங்குக்கும் ஆட்களுக்கும் வசதி. தேவாலயத்தில் நடத்துவதானால் மட்டும் பெரிய வெள்ளியைத் தள்ளக்கூடாது. (1827இல் மறைந்த இன்னொருவர் சியாமா சாஸ்திரி. அவருக்கும் 2027இல்தான் 200 ஆண்டு.)

பாக்கின் யோவான் பாஸியனுக்கு இன்னும் ஒரு முடிச்சு. அது 1724 ஏப்ரல் 7 பெரிய வெள்ளியில் லைப்சிக்கில் ஒலித்தது. அந்த ஆண்டின் ஈஸ்டரைக் கணினியில் தேடினால் ஏப்ரல் 16 என்று வரும், அப்படியானால் பெரிய வெள்ளி 14 அல்லவா என்று தோன்றும். 1700க்குப் பிறகும் ஜெர்மானிய புராட்டஸ்டண்டுகள் ஈஸ்டரை மட்டும் தனி வானியல் கணக்கில் வைத்திருந்தார்கள், 1724இல் அது ஒரு வாரம் முந்தி ஏப்ரல் 9 அன்று வந்தது. 7 என்பதே சரி.

எத்தனையாவது ஆண்டு என்று எழுதும்போது, நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவது நிறைவடைந்த ஆண்டுகள். நம் சஷ்டியப்தபூர்த்தி 60 முடிந்து 61 பிறக்கும்போது நடப்பது போல, "250ஆவது பிறந்தநாள்" என்றால் 250 நிறைவு. "250ஆவது ஆண்டு" என்று எழுதினால் அது 249 முடிந்ததும் தொடங்கிவிடும். பீத்தோவன் 250 கொண்டாட்டம் 2019 டிசம்பரிலேயே ஆரம்பித்தது அதனால்தான். பிறகு கொரோனா வந்து, ஜெர்மனியில் அதை 2021 செப்டம்பர் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. "நிறைவு" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது.

எக்செலில் தயாரிக்கிறீர்கள் என்றால் 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாக உள்ளிட முடியாது, வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தும்போது காலை வாரிவிடும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எண்ணாகப் போடுங்கள். அவற்றோடு நான்கு பத்திகள் வேண்டும்: ஆவணத்தில் உள்ள தேதி மாற்றாமல், எந்த நாட்காட்டி, எந்த நிகழ்வு (பிறப்பு, ஞானஸ்நானம், மறைவு, பொது அரங்கேற்றம்), நாட்காட்டியில் அச்சாகும் தேதி. வேறொரு தளத்திலிருந்து தேதியை எடுக்கும்போது அது ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள். மே 7ஐப் பழைய கணக்கு என்று நினைத்து மறுபடியும் 12 கூட்டினால், சைக்கோவ்ஸ்கிக்கு மே 19 என்று ஒரு பிறந்தநாள் முளைத்துவிடும்.